சரிவில் ஓர் ஓய்வு நிலை

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு நான் ஒரு முடிவெடுத்தேன். நானாகவே எடுத்தேன். வீட்டில் யாரும் இல்லாதபோது எடுத்தேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முடிவு இதுதான்: எங்கள் காரை நானே ஓட்டுவது.

இதில் என்ன பெரிய முடிவு என்று கேட்பீர்கள். என் மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். இருபது வருஷ சர்வீஸ். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் நுழைந்து வருகிறவளுக்கு எங்கள் குட்டிக் கார் கையில் பிடித்த ஊசி மாதிரி. நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். விசை, இயக்கம், உராய்வு எல்லாம் இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. அதிலிருக்கும் புகைப்படத்தில் தலைமுடியும் இருக்கிறது.

எனக்கு ஓட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஓட்டும்போது விளக்கம் சொல்லும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். ஒருமுறை பிரேக் போடுவதற்கு முன்னால் நிலைமம் என்றால் என்ன என்று மனைவிக்கு விளக்கினேன். விளக்கம் முடிவதற்குள் முன்னால் நின்ற குப்பைத்தொட்டி முடிந்துவிட்டது. அன்றிலிருந்து சாவி அவள் கைப்பையில். நான் பக்கத்து சீட்டில், மடியில் தண்ணீர் பாட்டிலோடு.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில் வேதியியல்காரர் கேட்டார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் அமிலம். எனக்கு வைத்த பெயர் உராய்வு.

"ஏன் சார், உங்க கார்ல நீங்க டிரைவரா, சரக்கா?"

அமிலம் தன் வேலையைச் செய்துவிட்டது. ராத்திரி முழுக்க அரித்தது. காலையில் மனைவி ஐந்து மணி டியூட்டிக்குப் போய்விட்டாள். ஒரு மணிக்குத்தான் வருவாள். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அப்படியே வீட்டில் இருந்தாலும் அவள் என்னோடு பேசி நான்கு நாள் ஆகிறது. அதைப் பிறகு சொல்கிறேன். பழைய பித்தான்கள் போட்டுவைக்கும் டப்பாவிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்தேன். காரைக் கிளப்பினேன்.

எங்கள் தெரு ஒரு சரிவு. எங்கள் வீடு சரிவின் நடுவில். கீழ்க்கோடியில் கண்ணாடிக் கடை. கடைக்காரர் விற்பனைக்கு வந்த ஆளுயரக் கண்ணாடிகளை வாசலில் சாய்த்து வைத்திருப்பார். மேலே ஏறி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, திரும்பி வந்து, நிறுத்திய இடத்திலேயே நிறுத்துவது என் திட்டம். பத்து நிமிஷ வேலை.

வீட்டைத் தாண்டி நாற்பது அடி ஏறியதும் எஞ்சின் நின்றது. கிளப்பினேன். கார் ஒரு முழம் பின்னால் போய் நின்றது. மறுபடி கிளப்பினேன். இரண்டு முழம். மூன்றாவது தடவை எஞ்சின் ஒரு தும்மல் தும்மிவிட்டு மௌன விரதம் இருந்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். கை பிரேக்கை இழுத்தேன். பானெட்டைத் திறந்து பார்ப்போம் என்று இறங்கினேன். திறந்து பார்த்தால் எனக்கு என்ன தெரியும் என்பது வேறு விஷயம். நாலு பேர் பார்த்தால் அப்படித்தானே நிற்க வேண்டும்?

கதவைச் சாத்தினேன். கார் நகர்ந்தது.

வேகமாக இல்லை. எறும்பு மாதிரி. கை பிரேக் பாதிதான் பிடித்திருந்தது. ஆனால் சரிவில் எறும்பு யானையாவதற்கு எத்தனை நொடி ஆகும் என்பதை நான் வருஷத்துக்கு மூன்று வகுப்புகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறவன். புத்தியுள்ளவன் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்திருப்பான். நான் பின்னால் ஓடினேன். இரண்டு கைகளையும் டிக்கியில் ஊன்றினேன். பிறகு திரும்பி, முதுகைக் கொடுத்து, கால்களை உதைத்து நின்றேன்.

கார் நின்றது.

நானும் நின்றேன். இனி நான் நகர்ந்தால் அது நகரும். கைபேசி டாஷ்போர்டில் இருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் முழுக் கார்.

எதிரே, தெரு முடிகிற இடத்தில், ஆளுயரக் கண்ணாடி ஒன்று என்னைப் பார்த்தபடி இருந்தது. அதில் ஒரு பல்லி அளவுக்கு நான் தெரிந்தேன். பல்லியின் முதுகில் ஒரு கார். கடைக்காரர் உள்ளே ஏதோ இயந்திரத்தில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். கிர்ர்ர் என்று சத்தம். இரண்டு தடவை கத்திப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை. அந்த மனிதர் இப்போது வெளியே வந்து கண்ணாடி துடைக்க ஆரம்பித்தால்?

என் இடது செருப்புக்கு அடியில் மணல். குதிகால் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியது. ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை. உராய்வைப் பற்றி நான் வகுப்பில் எத்தனையோ தடவை மட்டமாகப் பேசியிருக்கிறேன். வீண் சக்தி இழப்பு என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். மனதுக்குள் அதனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கூரியர் ஸ்கூட்டர் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. முப்பது வயது, மீசை, ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தான்.

"உராய்வு சார்! என்னைத் தெரியுதா? கடைசி பெஞ்ச்!"

தெய்வமே அனுப்பிய ஆள். "ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில வைப்பா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"நம்ம ஸ்கூல்ல எனக்கு உங்க மேலதான் சார் மரியாதை. உங்களுக்குத் தெரியாத விஷயமே இல்ல. என்ன சார், கார்ல சாய்ஞ்சு வெயில் காயறீங்களா? லீவு நாள், ஓய்வா?"

திறந்த வாய் என்ன சொன்னது தெரியுமா?

"ஆமாம்பா. ஓய்வு நிலைதான்."

"செம சார்!" என்று போய்விட்டான். மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டேன். முதுகெலும்பைக் காப்பாற்றத்தான் ஆள் இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டி, முதுகு காரோடு ஒட்டிவிட்டது. தொடை இரண்டும் ஆட ஆரம்பித்தன. அப்போது கீழே, கண்ணாடிக் கடையைத் தாண்டி, காக்கிச் சட்டை ஒன்று திரும்பியது.

மணி பதினொன்றுக்கு மேல் ஆகியிருக்காது. ஒரு மணிக்கு வர வேண்டியவள்.

என் வாழ்க்கையில் அவளைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதும் இல்லை, அவ்வளவு பயந்ததும் இல்லை. அவள் ஓடி வரவில்லை. சரிவில் பஸ் ஏற்றுகிற மாதிரி, ஒரே சீராக, தோளில் பையோடு ஏறி வந்தாள். ஐந்தடி தூரத்தில் நின்று என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"வண்டி டியூட்டி பாதியில பிரேக்டவுன் ஆயிடுச்சு. சீக்கிரம் விட்டுட்டாங்க" என்றாள். "உங்களுக்கு?"

"பக்கத்துல வராதே! ஆபத்து! நான் விட்டா கார் போயிடும்!"

"எங்க போகும்?"

"கீழ! கண்ணாடிக் கடைக்கு!"

என்னைச் சுற்றிக்கொண்டு காரின் முன்பக்கம் போனாள். எனக்குத் திரும்பிப் பார்க்க வழியில்லை. ஏதோ தரையில் உரசும் சத்தம் கேட்டது. செருப்பில் ஒட்டிய மண்ணைத் தேய்க்கிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்து, எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் மேல் உட்கார்ந்தாள். பையைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

"ஏம்மா, உக்கார்றதுக்கா நேரம் இது? உள்ள ஏறி பிரேக்கைப் பிடி!"

"ஏறலாம். ஆனா நான் எழுபத்திரண்டு கிலோ. நிறை கூடினா விசை கூடும்னு நீங்கதானே சொல்வீங்க? நீங்க தாங்குவீங்களா?"

தாங்க மாட்டேன். என் பாடத்தை என்னிடமே திருப்பி விட்டாள். எதிர்வினை என்பது இதுதான்.

"அப்போ ஒரு கல்லு வை!"

"வெப்போம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். போன மாசம் கார் சைடு கண்ணாடி உடைஞ்சுதே, அது யாரு?"

"பூனைன்னு அன்னிக்கே சொன்னேனே!"

"பூனை மேல இருந்து குதிச்சா கண்ணாடி கீழ தொங்கும். இது பின்பக்கமா மடங்கி உடைஞ்சிருந்தது. கார் முன்னாடி போனாத்தான் அப்படி ஆகும். விசை எந்தத் திசையில வந்துச்சுன்னு வாத்தியாருக்குத் தெரியாதா?"

குதிகால் இன்னும் ஒரு விரற்கடை வழுக்கியது போல இருந்தது.

"நான்தான்! மாத்துச் சாவியால எடுத்துப் பார்த்தேன், கேட் தூண்ல உரசிட்டேன்! போதுமா?"

"பாவம் அந்தப் பூனை. ஒரு வாரம் பால் கொடுக்காம வெச்சீங்க."

"பூனைகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்! கல்லை வை!"

அவள் எழுந்தாள். அப்பாடா என்று நினைத்தேன். அவள் பைக்குள்ளிருந்து எடுத்தது கல் அல்ல. நான்காக மடித்த ஒரு தாள்.

அந்தத் தாளை எனக்குத் தெரியும். இரண்டு வாரமாக எங்கள் வீட்டில் சண்டை அந்தத் தாளுக்காகத்தான். எங்கள் மகளுக்குப் பதினேழு வயது. வீட்டில் அவள் பெயர் திருகாணி. மூன்று வயதில் ஸ்க்ரூ டிரைவரைக் கண்டுபிடித்தவள். கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றுவாள். மற்ற பிள்ளைகளுக்கும் அவளுக்கும் ஒரே வித்தியாசம், அவள் திருப்பி மாட்டிவிடுவாள். அவளுக்கு பஸ், லாரி மெக்கானிக் படிப்பு படிக்க வேண்டும். இரண்டு வருஷப் பயிற்சி. பதினெட்டு ஆகாததால் அப்பா கையெழுத்து வேண்டும். திங்கள் மதியம் கடைசி. நான் அவளுக்கு இயற்பியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி, நானே பூர்த்தி செய்தும் வைத்திருந்தேன். "மெக்கானிக் எல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்டேன். அன்று பேச்சை நிறுத்தியவள்தான், நான்கு நாள் ஆகிறது.

"இது அநியாயம்" என்றேன். "ஆபத்துல இருக்கிறவனை மிரட்டறது."

"மிரட்டலீங்க. வீட்ல பேச ஆரம்பிச்சா நீங்க எழுந்து வேற ரூமுக்குப் போயிடறீங்க. இரண்டு வாரத்துல இன்னிக்குத்தான் ஒரே இடத்துல நிக்கறீங்க. பேசிடலாம்."

உண்மைதான்.

"அவ நேத்து என்ன சொன்னா தெரியுமா? 'அப்பாகிட்ட கேட்டா விதி சொல்றாரும்மா. எனக்கு வழி வேணும்.'"

கீழே அறுப்பு இயந்திரம் நின்றது. தெருவே சட்டென்று அமைதியானது. கண்ணாடிக்காரர் தோளில் துணியோடு வாசலுக்கு வந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அடிச்சட்டத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

என் உடம்பில் இருந்த ஈரமெல்லாம் ஒரு நொடியில் வற்றிவிட்டது. உதைத்த காலை இன்னும் உதைத்தேன். பல்லைக் கடித்தேன்.

"ஐயோ, அந்த மனுஷன்! அவரை எழுந்திருக்கச் சொல்லு! கத்து!"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள், அமைதியாக. "நீங்க பதில் சொல்லுங்க. ஏன் வேண்டாங்கறீங்க? கௌரவமா?"

"கௌரவம் இல்ல."

"பின்ன?"

மூச்சு வாங்கியது. பொய்க்குத் தனியாக மூச்சு வேண்டும். அது என்னிடம் இல்லை.

"பயம்" என்றேன். "நான் இருபத்திரண்டு வருஷமா கப்பி பத்திப் பாடம் எடுக்கறேன். ஒரு கப்பியைக் கையால தொட்டு மாட்டினதில்ல. உன் டிப்போவுக்கு ஒரு தடவை வந்தேனே, அங்க ஒருத்தர் ஜாக்கி நழுவி இரண்டு விரல் போனதைக் காமிச்சார். அன்னியிலேருந்து அந்தக் கை கனவுல வருது. எடை எவ்வளவு, விசை எவ்வளவுன்னு எனக்குக் கணக்குத் தெரியும்மா. அதனாலதான் பயம். வாய்ல நல்லபடியா சொல்ல வரலை. மெக்கானிக் ஒரு படிப்பான்னு கேட்டுட்டேன்."

அவள் சுவரிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்தாள். நரம்பு புடைத்திருந்த என் நெற்றியைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள்.

"நான் முதல்நாள் பஸ் எடுக்கும்போது நீங்க கேட்ல நின்னீங்க. முகம் இப்பிடித்தான் இருந்துச்சு. ஆனா போகாதேன்னு சொல்லலை. இருபது வருஷமா தினமும் அறுபது உயிரோட போறேன். சாயங்காலம் வந்துடறேன். ஏன்? ராத்திரியெல்லாம் கையில கிரீஸோட எவனோ ஒருத்தன் என் பிரேக்கைச் சரி பார்க்கறான். அந்த ஒருத்தன் சரியா பார்க்கலைன்னா உங்க விதி எல்லாம் சேர்ந்தும் என்னைக் காப்பாத்தாது. அந்த இடத்துல நம்ம பொண்ணு இருந்தா நான் கண்ணை மூடிட்டு ஓட்டுவேன்."

"கண்ணை மூடிட்டு ஓட்டாதே" என்றேன்.

"பேச்சுக்குச் சொன்னேங்க."

எனக்கு என் ஆய்வகத்துக் கப்பி நினைவுக்கு வந்தது. திருகாணி ஐந்தாவது படிக்கும்போது என் ஆய்வகத்துக்கு வந்தாள். வருஷக்கணக்காகச் சிக்கிக் கிடந்த கப்பியைப் பார்த்துவிட்டு, "அப்பா, அச்சுல துரு. எண்ணெய் இருக்கா?" என்றாள். அதற்கு முன்னால் நான் பிள்ளைகளிடம், இது உராய்வற்ற கப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

"பேனா இருக்கா?" என்றேன்.

சாப்பாட்டு டப்பா மூடியின் மேல் தாளை வைத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். வலது கையை மட்டும் காரிலிருந்து எடுத்தேன். பெயரின் முதல் எழுத்து ஒழுங்காக வந்தது. மீதி எல்லாம் சரிவில் இறங்கி, தாளின் ஓரத்தில் போய் நின்றது.

"விருப்பப்பட்டுத்தானே போட்டீங்க?"

"விருப்பப்பட்டுத்தான். நீ இப்போ போய் விருப்பப்பட்டு ஒரு கல்லை வை. என் கால் போச்சு."

அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். ஒரு தடவை இழுத்துச் சரியாக மூடியிருக்கிறதா என்றும் பார்த்தாள்.

"கல்லு வெச்சாச்சுங்க."

"எப்போ?"

"வந்த உடனே. முன்சக்கரத்துக்கு அடியில. நல்ல சிமென்ட் கல்லு."

"வெப்போம்னு சொன்னியே!"

"இன்னொரு சக்கரத்துக்கும் வெப்போம்னு சொன்னேன்."

நம்பவில்லை. முதுகை ஒரு நூல் அளவுக்குத் தளர்த்தினேன். கார் அசையவில்லை. ஒரு விரற்கடை தளர்த்தினேன். அசையவில்லை. ஓரடி தள்ளி நின்றேன். கார் பாறாங்கல் மாதிரி நின்றது. நான்தான் ஆடினேன்.

இத்தனை நேரம் எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? தெரியாது. நான் தள்ளினால் கார் என்னைத் தள்ளும். சமமாக, எதிராக. மூன்றாம் விதி. அது உருளத் துடித்தாலும் சரி, கல்லின் மேல் சாய்ந்து தூங்கினாலும் சரி, நான் தள்ளுகிற வரைக்கும் என் முதுகுக்கு இரண்டும் ஒன்றுதான். சுவரைத் தள்ளினால் சுவரும்தான் தள்ளும். இதை நானே தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன்.

கண்ணாடிக்காரர் துடைத்து முடித்து எழுந்தார். கண்ணாடிக்குள் எங்களைப் பார்த்து, திரும்பிக் கையசைத்துவிட்டு உள்ளே போனார்.

அதற்குள் திருகாணி தோழி வீட்டிலிருந்து வந்துவிட்டாள். அம்மா அவள் காதில் கையெழுத்து விஷயத்தைச் சொன்னாள். நான்கு நாளுக்குப் பிறகு மகள் என்னை நேராகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு காருக்குள் தலையை விட்டு, கை பிரேக்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு நட்டு. தன் பையிலிருந்த ஸ்பேனரால் இரண்டு சுற்று. "கேபிள் தளர்ந்திருக்கு, அவ்வளவுதான்" என்றாள். மனைவி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். மௌன விரதம் இருந்த எஞ்சின் முதல் தடவையிலேயே வாய் திறந்தது. கார் ஒரு நூல்கூடப் பின்னால் வராமல் மேலே கிளம்பி, என் பக்கத்தில் வந்து நின்றது.

நான் கொஞ்சம் மேலே சாலையோரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருகாணி வந்து குனிந்தாள்.

"ரொம்ப வலிக்குதாப்பா? பாவம், எவ்வளவு நேரம் வேலை செஞ்சீங்க!"

மகள் பேசிவிட்டாள். அந்த நேரத்தில் ஒரு நல்ல அப்பா மகளைக் கட்டிக்கொண்டிருப்பான். எனக்கு வந்தது பாடம்.

"வேலைன்னு சொல்லக் கூடாதும்மா. விசையை இடப்பெயர்ச்சியால பெருக்கினாத்தான் வேலை. கல்லு வெச்ச அப்புறம் கார் நகரவே இல்ல. இடப்பெயர்ச்சி பூஜ்யம். அதனால கணக்குப்படி நான் செஞ்ச வேலை பூஜ்யம்."

டிரைவர் சீட்டிலிருந்து என் மனைவி தலையை நீட்டினாள்.

"கல்யாணமான நாள்லேருந்து நான் வேற என்னங்க சொல்லிட்டிருக்கேன்?"